டெஸ்ட் சர்வரில் ஓடுவது எந்தக் கீ?

வெப்சைட்டைச் சோதித்துத் தரச் சொல்லி யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது, ஸ்டேஜிங் சர்வரில், அதாவது சோதனைக்கென்று தளத்தின் நகல் ஓடும் சர்வரில், எந்த ஏபிஐ கீ (பேமென்ட், எஸ்எம்எஸ் போன்ற வெளிச் சேவைகளிடம் நம் தளம் காட்டும் சாவி) ஓடுகிறது என்பதைத்தான். பெரும்பாலும் சட்டென்று பதில் வராது. லைவில் இருப்பதை அப்படியே காப்பி எடுத்துப் போட்டோம் என்பார்கள். அப்படியென்றால் லைவ் கீயும் கூடவே வந்துவிட்டது என்று அர்த்தம்.

வேர்ட்பிரஸ், வூகாமர்ஸில் ஓடும் ஆன்லைன் கடைகளில் இது ரொம்ப சகஜம். பேமென்ட் கேட்வே, எஸ்எம்எஸ், மெயில் என்று நாம் போடும் பிளகின்களில் பல, தங்கள் கீயை டேட்டாபேஸில் ஆப்ஷன்ஸ் டேபிளில்தான் வைக்கின்றன. டேட்டாபேஸை இன்னொரு சர்வருக்கு எடுத்துப் போனால் கீ, வாடிக்கையாளர்களின் போன் நம்பர், நிலுவையில் உள்ள ஆர்டர் எல்லாம் ஒன்றாகப் போகும். ஒரு துணிக்கடையின் தளத்தை ஹோஸ்டிங் மாற்றுவதற்கு முன்னால் புது சர்வரில் குளோன் (முழு நகல்) போட்டிருந்தார்கள். அங்கே கிரான் (குறித்த நேரத்தில் தானாக நடக்கும் வேலைகள்) ஓடத் தொடங்கியதும், பணம் கட்டாத ஆர்டர்களுக்கான நினைவூட்டல் எஸ்எம்எஸ் நிஜ வாடிக்கையாளர்களுக்கு இரண்டிரண்டு தடவை போக ஆரம்பித்துவிட்டது. யாரும் ஹேக் செய்யவில்லை, இரண்டு சர்வரும் ஒரே கீயை வைத்துக்கொண்டு ஒரே வேலையைப் பார்த்தன, அவ்வளவுதான். அந்த குளோனில் ஒருவர் ரீஃபண்ட் பட்டனைச் சோதித்துப் பார்த்திருந்தால் நிஜப் பணமே திரும்பிப் போயிருக்கும்.

பேமென்ட் கேட்வேக்களான ரேசர்பே, ஸ்ட்ரைப் இரண்டுமே டெஸ்ட் கீ, லைவ் கீ என்று தனித்தனியாகத் தருகின்றன, கீயின் தொடக்கத்தைப் பார்த்தாலே எது எதுவென்று தெரிந்துவிடும். ஆகவே குளோன் போட்டதும் கிரானை நிறுத்துங்கள், கீயை மாற்றுங்கள், அப்புறம் தளத்தைத் திறங்கள். கீயை டேட்டாபேஸில் வைக்காமல் சர்வரின் என்விரான்மென்ட் வேரியபிளில் (அந்த சர்வரின் அமைப்பிலேயே இருக்கும் மதிப்பில்) வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. 2020-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.5 முதல், இந்த சர்வர் ஸ்டேஜிங்கா புரொடக்‌ஷனா என்று கான்ஃபிக் கோப்பிலேயே சொல்லிவிடலாம். புரொடக்‌ஷன் அல்லாத இடத்தில் லைவ் கீ இருந்தால் பேமென்ட்டை நிறுத்திவிடும்படி நாலு வரி கோடு எழுதி வைப்பது பெரிய வேலையே இல்லை.

டெஸ்ட் கீ போட்ட பிறகு எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் வெப்ஹூக், அதாவது பணம் வந்ததும் கேட்வே நம் தளத்துக்குத் தானாக அனுப்பும் தகவல். டெஸ்ட் மோடுக்கு வெப்ஹூக்கைத் தனியாக அமைக்க வேண்டும், அந்தத் தகவல் நிஜமாகவே கேட்வேயிலிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்கும் சீக்ரெட்டையும் தனியாகப் போட வேண்டும். அதை விட்டுவிட்டால் பணம் கட்டியதாகக் காட்டும், ஆர்டர் மட்டும் பெண்டிங்கிலேயே நிற்கும். அந்த எரிச்சலில்தான் பலர் "ஒரு நிமிஷம் லைவ் கீ போட்டுப் பார்ப்போம்" என்று போகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள்.

கூகுள் மேப்ஸ் கீயின் கதை வேறு. பிரவுசரில் அது யார் கண்ணுக்கும் தெரியும், மறைக்க முடியாது, எந்த டொமைனிலிருந்து வந்தால் ஏற்க வேண்டும் என்று கட்டுப்படுத்தத்தான் முடியும். டெஸ்ட் டொமைனில் மேப் வரவில்லை என்றதும் லைவ் கீயின் கட்டுப்பாட்டையே "இப்போதைக்கு" எடுத்துவிடுபவர்கள் நிறைய, அது பிறகு அப்படியே கிடக்கும். ஸ்டேஜிங்குக்குத் தனிக் கீ எடுத்து, கோட்டாவை (எத்தனை தடவை கூப்பிடலாம் என்ற வரம்பை) குறைத்து வையுங்கள். சர்வரிலிருந்து கூப்பிடும் கீக்கு டொமைன் கட்டுப்பாடு உதவாது, ஐபி கட்டுப்பாடு போட வேண்டும்.

நம் ஸ்டேஜிங் முகவரி யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைப்பது தவறு. லெட்ஸ் என்க்ரிப்ட்டில் எஸ்எஸ்எல் சான்றிதழ் எடுத்தால் அந்த சப்டொமைனின் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும், அதைத் தேடிப் பார்க்கும் பாட்கள் வந்து முதலில் தட்டிப் பார்ப்பது, கீகளும் பாஸ்வேர்டுகளும் இருக்கும் டாட் என்வி கோப்பைத்தான். லாராவெல் என்ற பிஹெச்பி ஃபிரேம்வொர்க்கில் கட்டிய தளத்தில் டாக்குமெண்ட் ரூட்டை (வெளியிலிருந்து திறக்கக்கூடிய ஃபோல்டரை) பப்ளிக் ஃபோல்டருக்குக் காட்டாமல் மேலே விட்டிருந்தால் அந்தக் கோப்பு திறந்தே கிடக்க வாய்ப்புண்டு. தேடுபொறிகளிடம் இங்கே வராதீர்கள் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு இதைத் தடுக்காது. பாஸ்வேர்ட் பூட்டு போடுங்கள், வெப்ஹூக் வரும் பாதைக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட்டில் ஏறிய கீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். டொயோட்டா கார்களை இணையத்தோடு இணைக்கும் டி-கனெக்ட் சேவையின் சோர்ஸ் கோடில் ஒரு பகுதி, டேட்டா சர்வரின் கீயோடு சேர்ந்து 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. 2,96,019 வாடிக்கையாளர்களின் மெயில் முகவரிகள் கசிந்திருக்கலாம் என்று நிறுவனமே அறிவித்தது. ஏற்றியது, மேம்பாட்டு வேலையை ஒப்பந்தத்தில் எடுத்த நிறுவனம். கோப்பை அழித்து மறுபடி கமிட் செய்தால் பழைய வரலாற்றில் கீ இருந்துகொண்டேதான் இருக்கும், அதனால் வெளியே போன கீயை உடனே ரத்து செய்வதுதான் வழி. சர்வருக்கு ஒரு கீ என்று பிரித்து வைத்திருந்தால் அந்த ஒரு சர்வரில் மட்டும் மாற்றினால் போதும். ஒரே கீயை நாலு இடத்தில் போட்டவர், அது எங்கெல்லாம் இருக்கிறது என்று நடுராத்திரியில் தேடிக்கொண்டிருப்பார்.

சோதனை முடிந்து சர்வரை அணைத்த அன்றே அதற்கென்று எடுத்த கீயையும் டாஷ்போர்டில் போய் ரத்து செய்துவிடுங்கள். சர்வர் போனாலும் அதன் பேக்கப் யாருடைய டிரைவிலாவது இருக்கும், அதற்குள் அந்தக் கீயும் இருக்கும்.