ஐப்பசியில் ஒட்டிய பலகை

சித்திரைத் திருவிழா முடிந்த வாரம். முந்தைய மழைக்காலத்தில் நான் செய்து கொடுத்த கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஒரு தம்பி மதுரை பழங்காநத்தத்து மாடியில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். "அண்ணே, ராத்திரி டொப்புன்னு ஒரு சத்தம். நான் கீழ எதுவும் போடலண்ணே." கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்குக் கீழே மேல்பலகையில், மர ரேகையை ஒட்டி ஒரு விரிசல். தப்பு அவருடையது இல்லை. அடைமழை நாளில் அந்தப் பலகையின் அடியில், அதைத் தாங்கும் உள்கட்டையை ஒட்டியவன் நான்.

மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம், கனம் மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. ஈரம் குடித்தால் ரேகைக்குக் குறுக்கே உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையவே அசையாது. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்திலிருந்து 40க்கு இறங்கி அப்படியே நின்றால், 40 செ.மீ. அகலப் பலகை மூன்று நான்கு மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். அடியில் குறுக்கே ஒட்டிய கட்டை விடுமா? அந்தத் திசை கட்டைக்கு நீளவாக்கு, அது அசையாது. இழுபறியில் பலகைதான் பிளக்கும்.

வீட்டில் கிட்டார் செய்யக் கிளம்பும் பிள்ளைகள் உளி, இழைப்புளி, ஈட்டி மரம் என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். சில நூறு ரூபாய் ஈரப்பதமானி மட்டும் இருப்பதில்லை. வாங்கினாலும் அது காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைத்து, மானியோடு சேர்த்து இறுக்கமான டப்பாவில் ஒரு நாள் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 69 காட்டினால், பார்க்கும் எண்ணோடு எப்போதும் ஆறைக் கூட்டிக்கொள்ளுங்கள். சரி, அவ்வளவுதான் வித்தை.

ஒட்டுவதற்கு ஈரப்பதம் 40 முதல் 45 வரை நல்லது. மழை மாதத்தில் ஒட்டியே தீர வேண்டுமென்றால், சின்ன அறையில் ஏசியை டிரை மோடில் போட்டு, பலகையையும் கட்டைகளையும் ஒரு வாரம் அதே அறையில் நிறுத்தி வைத்துவிட்டு ஒட்டுங்கள். காய்ந்த நிலையில் ஒட்டிய பலகை மழைக்காலத்தில் கொஞ்சம் வயிறு தள்ளும், கம்பி உயரும். அதைச் சரிசெய்துவிடலாம்.

(ஈட்டித் தூள் தோலை அரிக்கும், மூச்சையும் அடைக்கும். மாஸ்க் இல்லாமல் தேய்க்காதீர்கள். அது தனிக் கதை.)

தம்பியின் கிட்டாரை நான் உடனே ஒட்டவில்லை. ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் ஈர ஸ்பாஞ்சை வைத்து, கிட்டார் பெட்டிக்குள் போட்டு மூடினேன். எட்டாம் நாள் விரிசல் தானாகவே மூடியிருந்தது. அப்புறம்தான் பசை. உள்பக்கம் ரேகைக்குக் குறுக்கே நான்கு சின்னத் துண்டுகள் வைத்தேன். காசு வாங்கவில்லை.