ஃபியூச்சர்ஜென்: பாறையைக் காட்டி ஆலை கேட்ட மாநிலங்கள்

நிலக்கரி மின் நிலையம் எங்கள் ஊருக்கு வேண்டாம் என்று போராடுவார்கள், கேள்விப்பட்டிருக்கிறோம். 2006-இல் அமெரிக்காவில் ஏழு மாநிலங்கள் அப்படியொரு ஆலைக்காக முட்டி மோதின. மொத்தம் பன்னிரண்டு இடங்கள் போட்டியில் இருந்தன. ஆலையின் பெயர் ஃபியூச்சர்ஜென். 2003-இல் அதிபர் புஷ்ஷின் அரசு அறிவித்த இந்த 275 மெகாவாட் திட்டத்துக்குச் சுமார் 100 கோடி டாலர் ஆகும் என்று கணக்கிட்டார்கள். கரியமில வாயுவில் 90 சதவீதத்தையாவது பிடித்து மண்ணுக்குள் புதைப்பதுதான் நோக்கம்.

பிடிப்பதில் என்ன சிரமம்? வழக்கமான ஆலையில் நிலக்கரி காற்றில் எரிகிறது. காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன் என்பதால், புகையில் கரியமில வாயு 15 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். அழுத்தமும் குறைவு. அவ்வளவு நீர்த்துப்போன புகையிலிருந்து வாயுவைப் பிரிக்க நிறைய ஆற்றல் வேண்டும்.

அதனால் ஃபியூச்சர்ஜென்னில் எரிப்பதற்கு முன்பே பிரித்துவிடத் திட்டமிட்டார்கள். நிலக்கரியை மூடிய கலனில் போட்டு, நீராவியும் அளவான ஆக்சிஜனும் செலுத்துவார்கள். முழுதாக எரிய ஆக்சிஜன் போதாது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுதான் வெளிவரும். மேலும் நீராவி சேர்த்து வினையூக்கி வழியே அனுப்பினால் கார்பன் மோனாக்சைடு கரியமில வாயுவாக மாறும், ஹைட்ரஜனும் பெருகும். இப்போது கரியமில வாயு அடர்த்தியாகவும் அழுத்தத்திலும் இருக்கிறது. கரைப்பான் திரவம் அதைச் சுலபமாக உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சும் ஹைட்ரஜன் டர்பைனில் எரியும். இதற்கும் செலவு உண்டு: காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கவும், பிடித்த வாயுவை அமுக்கவும் ஆலையின் சொந்த மின்சாரமே கணிசமாகக் கரையும்.

சரி, இந்த இயந்திரத்தை எந்த ஊரிலும் கட்டலாமே, மாநிலங்களுக்குள் எதற்குப் போட்டி? என்னைக் கேட்டால், உண்மையான போட்டி தரைக்கு அடியில்தான் நடந்தது. சுமார் 800 மீட்டருக்குக் கீழே உள்ள வெப்பத்திலும் அழுத்தத்திலும் கரியமில வாயு கிட்டத்தட்ட திரவம்போல அடர்ந்துவிடும். குறைந்த இடத்தில் நிறைய அடங்கும். அதை ஏற்க நுண்துளைகள் நிறைந்த மணற்பாறை வேண்டும், மேலே ஏறாமல் தடுக்க இறுகிய களிப்பாறை மூடியாக வேண்டும். இல்லினாய் மாநிலத்தின் அடியில் மவுண்ட் சைமன் என்ற மணற்பாறை பரந்து கிடக்கிறது. துளைகளில் இருப்பது குடிக்க உதவாத உப்பு நீர். டெக்சாஸிடம் வேறு பலம் இருந்தது: அங்கே எண்ணெய் எடுப்பதற்காக 1970-களிலிருந்தே கரியமில வாயுவை நிலத்துக்குள் செலுத்தி வருகிறார்கள்.

இறுதிச் சுற்றில் இந்த இரு மாநிலங்களுக்கும் தலா இரண்டு இடங்கள். புதைத்த வாயு பல ஆண்டுகள் கழித்துக் கசிந்தால் யார் பொறுப்பு? எந்த நிறுவனமும் தயங்கும் கேள்வி இது. புதைத்த வாயுவின் உரிமையை மாநிலமே ஏற்கும்படி டெக்சாஸ் சட்டம் போட்டது. இல்லினாயும் விடவில்லை, அதே வழியில் சட்டம் கொண்டுவந்தது.

2007 டிசம்பரில் இல்லினாயின் மட்டூன் நகரம் வென்றது. அடுத்த மாதமே, செலவு 180 கோடி டாலராகிவிட்டதென்று எரிசக்தித் துறை பின்வாங்கியது. பணவீக்கம் சேர்த்த தொகையைச் சேர்க்காத தொகையோடு ஒப்பிட்டதால் ஏற்றம் பெரிதாகத் தெரிந்தது என்று அரசின் தணிக்கை அமைப்பு 2009-இல் சொன்னது. 2010-இல் மெரடோசியா என்ற ஊரின் பழைய ஆலையை மாற்றியமைக்கும் திட்டமாக அது மறுபிறவி எடுத்தது. 2015-இல் அதுவும் நின்றது.

பாறையைப் பற்றிய இல்லினாயின் கணிப்பு மட்டும் பொய்க்கவில்லை. அதே மாநிலத்தின் டிகேட்டர் நகரில், 2011 முதல் மூன்று ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் டன் கரியமில வாயு மவுண்ட் சைமனுக்குள் இறங்கியது. வாயு வந்தது நிலக்கரியிலிருந்து அல்ல, மக்காச்சோளத்தில் எத்தனால் எடுக்கும் ஆலையிலிருந்து. 2024-இல் அங்கே ஒரு கண்காணிப்புக் கிணறு அரித்துப்போய், அனுமதிக்கப்படாத அடுக்குக்குள் திரவம் கசிந்தது வெளியே தெரிந்தபோது, யார் பொறுப்பு என்ற அந்தப் பழைய கேள்விதான் முதலில் எழுந்திருக்க வேண்டும்.