அப்டேட் பாதியில் நின்றால்: டிபிகேஜியின் குறிப்பேட்டைப் படிப்பது எப்படி?

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விடுகிறது. திரும்ப ஆன் செய்து எதை நிறுவப் பார்த்தாலும், மென்பொருளை நிறுவும் புரோகிராமான டிபிகேஜி (dpkg) பாதியில் தடைபட்டது என்று ஒரே பதில். சிஸ்டம் போச்சு என்று எல்லாவற்றையும் ஃபார்மட் செய்துவிடுகிறவர்கள் உண்டு. அதற்கு அவசியமே இல்லை. எந்தப் படியில் நின்றோம் என்பதை டிபிகேஜி எழுதி வைத்திருக்கிறது.

டெபியன் என்ற லினக்ஸிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் எந்தப் பேக்கேஜுக்கு (ஒரு மென்பொருளின் கோப்புகள் அடங்கிய தொகுப்பு) எது தேவை என்று கணக்குப் போட்டு இணையத்திலிருந்து இறக்கித் தருவது ஆப்ட். அதைப் பிரித்து வட்டில் வைப்பது டிபிகேஜி. இரண்டில் மூத்தது டிபிகேஜிதான். 1994இல் இயன் மர்டாக் அதை ஷெல் ஸ்கிரிப்டாகத் தொடங்கினார். 1999இல் வந்த டெபியன் 2.1 உடன்தான் ஆப்ட் சேர்ந்தது.

டிபிகேஜி பழைய கோப்பின் மேல் நேரடியாக எழுதுவதில்லை. புதியதை அதே அடைவில் 'டிபிகேஜி-நியூ' என்ற பின்னொட்டோடு முழுதாக எழுதி முடித்து, பிறகுதான் பெயரை மாற்றுகிறது. லினக்ஸில் பெயர் மாற்றம் ஒரே அடியில் நடக்கும். அதனால் கரண்ட் எந்த நொடியில் போனாலும் அந்த இடத்தில் இருப்பது பழைய கோப்பு, இல்லையென்றால் புதிய கோப்பு. பாதிக் கோப்பு அங்கே வராது. கோப்புகள் இடம் சேர்ந்ததும் பேக்கேஜின் நிலை 'அன்பேக்டு' ஆகிறது. அதன்பின் பேக்கேஜோடு வரும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட், அதாவது மிச்ச அமைப்பு வேலைகளைச் செய்யும் கட்டளைத் தொகுப்பு, ஓடுகிறது. அது நல்லபடியாக முடிந்தால் 'இன்ஸ்டால்டு', இடையில் விழுந்தால் 'ஹாஃப்-கான்ஃபிகர்டு'.

இந்த நிலைகள் எல்லாம் /வார்/லிப்/டிபிகேஜி அடைவில் 'ஸ்டேட்டஸ்' என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கின்றன. அந்தப் பெரிய கோப்பை ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் திருப்பி எழுதினால் நேரம் பிடிக்கும். எனவே மாற்றங்கள் முதலில் 'அப்டேட்ஸ்' என்ற உள் அடைவில், எண்களையே பெயராகக் கொண்ட சின்னக் கோப்புகளாக விழுகின்றன. வேலை ஒழுங்காக முடிந்தால் அவை ஸ்டேட்டஸோடு கலந்துவிடும். ஆப்ட் பார்ப்பது இதைத்தான்: அங்கே எண் பெயரில் கோப்பு மிச்சமிருந்தால், தடைபட்டது என்று சொல்லி நின்றுகொள்கிறது. 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' (dpkg --configure -a) கொடுத்தால் அந்தக் குறிப்புகள் சேர்க்கப்பட்டு, மிச்சமிருந்த ஸ்கிரிப்டுகள் ஓடும். பெரும்பாலும் சிக்கல் இதோடு தீரும்.

தீராவிட்டால் திரையில் கடைசி வரியைப் பார்ப்பதில் பயனில்லை. பிழை எண் 1 என்பது எதையும் சொல்லாது. மேலே போய் முதலில் விழுந்த பேக்கேஜைத் தேட வேண்டும். அடிக்கடி அகப்படுவது இயங்குதளத்தின் மையமான கெர்னல். கெர்னல்கள் இருக்கும் /பூட் அடைவு வட்டில் தனிப் பகுதியாக இருந்து பழைய கெர்னல்களால் நிரம்பிவிட்டால், கெர்னல் தொடங்கும்போது பயன்படும் புதிய இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை எழுத இடமில்லாமல் ஸ்கிரிப்ட் விழும். கான்ஃபிகர் கட்டளையை எத்தனை முறை கொடுத்தாலும் அதே இடத்தில்தான் விழும். இப்போது ஓடும் கெர்னலை விட்டுவிட்டுப் பழையதொன்றை டிபிகேஜி வழியாகவே நீக்கினால் வழி திறக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: லாக் (lock) கோப்பை, அதாவது ஒரே நேரத்தில் இரண்டு புரோகிராம்கள் நிறுவாமல் தடுக்கும் பூட்டுக் கோப்பை, அழிப்பது. பலரும் முதலில் சொல்லும் ஆலோசனை அதுதான், ஆபத்தானதும் அதுதான். பூட்டு இருப்பது கெர்னலின் கணக்கில். பிடித்திருக்கும் புரோகிராம் முடிந்தாலோ செத்தாலோ அது தானாக விடுபடும். கோப்பை அழித்தால் அடுத்த புரோகிராம் அதே பெயரில் புதுக் கோப்பை உருவாக்கிப் பூட்டிக்கொள்ளும். பிறகு இரண்டும் ஒரே ஸ்டேட்டஸ் கோப்பில் எழுதத் தொடங்கும். பூட்டைப் பிடித்திருப்பது பெரும்பாலும் பின்னணியில் ஓடும் தானியங்கி அப்டேட்தான். சற்றுப் பொறுத்தால் அது முடிந்துவிடும்.

ஸ்டேட்டஸ் கோப்பே சிதைந்துபோனாலும் நகல்கள் உண்டு. அதே அடைவில் 'ஸ்டேட்டஸ்-ஓல்டு' இருக்கும். /வார்/பேக்கப்ஸ் அடைவில் முந்தைய நாட்களின் நகல்களும் கிடைக்கும். நகலை வைத்தபின், அதற்குப் பிறகு நிறுவியவற்றை டிபிகேஜி அறியாது. /வார்/லாக் (/var/log) அடைவிலுள்ள அதன் பதிவில் தேதி பார்த்து, அவற்றை மட்டும் மறுபடி நிறுவினால் கணக்கு நேராகிவிடும்.