அலாஸ்கா போட் டூர் போறீங்களா? வாந்தி மாத்திரைய எப்ப போடணும்னு தெரிஞ்சுட்டு ஏறுங்க

சம்மர் ஆரம்பிச்சாலே என் கிளினிக்ல இந்தக் கேள்வி வந்துடும். "டாக்டர், அலாஸ்கா போறோம், ஊர்ல இருந்து அம்மா அப்பாவும் வந்திருக்காங்க, சூவர்டு துறைமுகத்துல இருந்து திமிங்கலம் பாக்குற போட்டுக்கு டிக்கெட் போட்டாச்சு, அம்மாவுக்கு கார்லயே வாந்தி வரும், என்ன பண்றது?" கேக்குறவங்க பரவாயில்ல, கேக்காமப் போயிட்டு வந்து கஷ்டத்தைச் சொல்றவங்கதான் அதிகம், அதனாலதான் இதை எழுதுறேன்.

அந்த ரூட் எப்படின்னு முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா விஷயமே அதுலதான் இருக்கு. போட் போறது கீனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு, 1980ல அறிவிச்சது. மேல ஹார்டிங் ஐஸ்ஃபீல்டுன்னு பெரிய பனிப்பரப்பு, அதுல இருந்து கிளேசியர் கிளேசியரா (மெதுவா நகர்ற பனியாறு) இறங்கி சிலது நேரா கடல்லயே வந்து முடியுது. சூவர்டுல ஏறுனதும் போட் போறது ரெசரெக்‌ஷன் பேங்கிற குடா வழியா. ரெண்டு பக்கமும் மலை, பெரும்பாலும் தண்ணி அமைதியா இருக்கும், கடல் நீர்நாய் மல்லாக்கப் படுத்துக்கிட்டு வயித்து மேல சிப்பிய வச்சு உடைச்சுத் தின்னுட்டிருக்கும், எல்லாரும் சிரிச்சுட்டு போட்டோ எடுப்பாங்க. இங்கதான் ஏமாறுறோம். "இவ்வளவு அமைதியா இருக்கே, மாத்திரை எதுக்கு?"ன்னு பைக்குள்ளயே வச்சிடுவாங்க. கொஞ்ச நேரத்துல பே முடிஞ்சு அயாலிக் முனையச் சுத்தும்போது மலை மறைப்பு கிடையாது, அலாஸ்கா வளைகுடாவோட திறந்த கடல் அலை நேரா வந்து போட்டைத் தூக்கும். ஹம்ப்பேக் திமிங்கலம், பஃபின் பறவை, பாறை மேல கடல் சிங்கக் கூட்டம் இதையெல்லாம் பாக்க நல்ல இடமும் இந்தப் பக்கம்தான், குமட்டல் ஆரம்பிக்கிற இடமும் இதுதான்.

குமட்டல் வந்த பிறகு மாத்திரை ஏன் வேலை செய்யலன்னு நிறைய பேர் கேப்பாங்க. உள்காது "உடம்பு ஆடுது"ன்னு மூளைக்குச் சொல்லுது, கேபினுக்குள்ள உக்காந்து செல்போனைப் பாக்குற கண்ணு "ஒண்ணும் ஆடல"ன்னு சொல்லுது, இந்தக் குழப்பத்துலதான் பொரட்டல் வருது. அது வந்துட்டா இரைப்பை காலியாகுறதே மெதுவாயிடும், போட்ட மாத்திரை குடலுக்குப் போகாம அங்கயே கிடந்து அடுத்த வாந்தியில வெளிய வந்துடும். அதனால மெக்லிசின் மாத்திரைன்னா ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, டைமென்ஹைட்ரினேட்னா அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் முன்னாடி. காதுக்குப் பின்னாடி ஒட்டுற ஸ்கோபோலமின் பேட்ச்னா குறைஞ்சது 4 மணி நேரம் முன்னாடி, காலையில போட்னா முந்தின ராத்திரியே ஒட்டிடுங்க. வெறும் வயித்தோடயும் ஏறாதீங்க, லேசா ஏதாவது சாப்பிட்டுட்டு ஏறுங்க, உக்கார்ற இடம் போட்டோட நடுப்பகுதியா இருந்தா ஆட்டம் கம்மி, கண்ணு தூரத்துல தொடுவானத்துல இருக்கட்டும்.

நான் போனப்போ பக்கத்து சீட்ல ஒரு அம்மா, கையில பேப்பர் பை. திமிங்கலம் வாலைத் தூக்கி முங்குறப்போ போட் முழுக்க கத்துது, அவங்க தலையவே தூக்கல. பாக்கவே மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் போட் அயாலிக் கிளேசியர் இருக்கிற குடாவுக்குள்ள நுழைஞ்சுது, அலை அடங்கிடுச்சு, கொஞ்ச நேரத்துல அவங்களே எழுந்து டெக்குக்கு வந்துட்டாங்க. என்ஜினை ஆஃப் பண்ணதும் சுத்தி மிதக்குற ஐஸ் துண்டுங்கள்ல இருந்து பொரி வெடிக்கிற மாதிரி படபடன்னு ஒரு சின்ன சத்தம், ரொம்ப வருஷமா ஐஸுக்குள்ள அடைபட்டிருந்த காத்து வெளிய வர்ற சத்தம் அது. தூரத்துல மிதக்குற ஐஸ் மேல சீல் தாயும் குட்டியும். கிட்டப் போகச் சொல்லி கேப்டனைத் தொந்தரவு பண்ணாதீங்க, பயந்து குட்டி தண்ணிக்குள்ள குதிச்சா அதோட உடம்புச் சூடும் சக்தியும் வீணாப் போகும். ஹம்ப்பேக்குக்கு 100 கஜத்துக்குள்ள போகக்கூடாதுன்னு சட்டமே இருக்கு.

கிளேசியர்ல இருந்து ஐஸ் இடிஞ்சு விழுறது முதல்ல கண்ணுக்குத் தெரியும், இடி மாதிரி சத்தம் அப்புறம்தான் வரும், அலை அதுக்கும் பிறகு. எல்லாரும் ரெண்டு கையிலயும் போனைப் பிடிச்சு வீடியோ எடுக்குற நேரம்தான் போட் ஆடும். எலும்பு தேய்மானம் உள்ள வயசானவங்க ஈர டெக்ல விழுந்தா மணிக்கட்டு, இடுப்பெலும்பு உடையும், ஒரு கை எப்பவும் கம்பியில இருக்கட்டும். அந்தப் பனிக்காத்து நெஞ்சு வலி இருக்கிறவங்களுக்கும் ஆகாது, நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை சட்டைப் பையிலயே இருக்கணும், ஹோட்டல்ல விட்டுட்டு வராதீங்க.

இன்னொண்ணு, பேட்ச் பத்தி. டூர் முடிச்சுட்டு வந்த ஒருத்தர் வேர்த்து விறுவிறுத்து உள்ள வந்தார், ஒரு கண்ணோட பாப்பா மட்டும் பெருசா விரிஞ்சிருக்கு, பக்கவாதமோன்னு குடும்பமே பயந்துடுச்சு. பரிசோதிச்சேன், வேற எந்தக் குறையும் இல்ல. "பேட்சை எப்ப எடுத்தீங்க"ன்னேன், "நேத்து"ன்னார். பேட்ச் மருந்து ஒட்டுன கையக் கழுவாம கண்ணைத் தேச்சிருக்கார், அவ்வளவுதான், தன்னால சரியாயிடுச்சு. ஆனா குறுகிய கோண கிளாக்கோமா (கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறுற ஒரு நோய்) இருக்கிறவங்களுக்கு இந்த பேட்சே கூடாது. பிராஸ்டேட் வீக்கம் இருக்கிற அப்பாக்களுக்கு ஒண்ணுக்கு அடைச்சுக்கலாம், எழுபது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு குழப்பம் வந்து எங்க இருக்கோம்னே தெரியாமப் பேசலாம், குழந்தைகளுக்கு ஒட்டவே ஒட்டாதீங்க. பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வச்சதை வாங்கி ஒட்டிக்கிற பழக்கத்தைத் தயவுசெஞ்சு விட்டுடுங்க.

கடைசியா யாரும் யோசிக்காத விஷயம், திரும்பி வர்ற டிரைவ். சூவர்டுல இருந்து ஆங்கரேஜ் 127 மைல், முழு நாள் டூர் முடிச்சு சாயங்காலம் இறங்கி அப்படியே கார் எடுப்பாங்க. இந்த மாத்திரைங்க எல்லாமே தூக்கம் வரவைக்கும். அதனால வண்டி ஓட்டப்போறவர் யாருன்னு காலையிலயே முடிவு பண்ணுங்க, அவருக்கு மாத்திரை கட்டாயம் தேவைன்னா அன்னிக்கு ராத்திரி சூவர்டுலயே ரூம் போட்டுத் தங்கிடுங்க.