அழித்த கோப்பு அப்படியே இருந்தது

இரவு பதினொன்றரைக்கு அலைபேசி அடித்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு சர்வரில் டிஸ்க் நிறைந்திருக்கும். அன்றும் அதுதான். வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதமான தம்பி ஒருவன் பேசினான்.

"அக்கா, சர்வர்ல இடமே இல்லைன்னு வந்துச்சு. தேடிப் பாத்தேன், 40 ஜிபிக்கு ஒரு லாக் ஃபைல் கிடந்துச்சு. அழிச்சுட்டேன். ஆனா இடம் வரலைக்கா."

"அழிக்கிறதுக்கு முன்னாடி அதுல எந்த புரோகிராம் எழுதிட்டு இருக்குன்னு பாத்தியா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்படிப் பாக்க முடியுமாக்கா?"

முடியும். லாக் என்பது ஒரு புரோகிராம் தன் நடப்பை எழுதிக்கொண்டே போகும் குறிப்பேடு. எங்கள் சர்வர்களின் இயங்குதளமான லினக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. பெயர் என்பது டைரக்டரியில், அதாவது ஃபோல்டரில், எழுதிவைத்த ஒரு வரி. அந்த வரி சுட்டுவது ஐநோடு என்ற பதிவை. கோப்பின் அளவு, உரிமையாளர், டிஸ்கில் எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்ற விவரமெல்லாம் அந்தப் பதிவில்தான் இருக்கும். அழிக்கும் ஆர்எம் கட்டளை எடுத்துப்போடுவது பெயரை. வாசலில் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டால் குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்துவிட்டார் என்று ஆகிவிடுமா? ஏதாவதொரு புரோகிராம் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை டிஸ்கில் இடம் விடுபடாது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு கட்டளைகளின் கணக்கை ஒப்பிட்டாலே போதும். டிஎஃப் நேராக ஃபைல் சிஸ்டத்திடமே "எவ்வளவு பிளாக் செலவாகியிருக்கிறது?" என்று கேட்கும். டியு அப்படியில்லை, டைரக்டரி டைரக்டரியாக நடந்து, பெயருள்ள கோப்புகளை மட்டும் கூட்டிக்கொண்டு வரும். டிஎஃப் சொல்லும் கணக்கில் 40 ஜிபி அதிகமாக இருந்தால், பெயரில்லாத ஒரு 40 ஜிபி எங்கோ ஒளிந்திருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் ப்ளஸ் எல் ஒன் என்று கேட்டால் அது யார் கையில் இருக்கிறது என்பது வந்துவிடும். வந்தது. சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பியிருக்கும், ஆனால் அவனை நிறுத்தினேன். அந்த லாக் ஏன் 40 ஜிபி ஆனது என்பதற்கு ஒரே சாட்சி அந்த லாக்தானே. பெயர் போனாலும், திறந்து வைத்திருக்கும் புராசஸின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின், எண் தெரிந்தால், ப்ராக் டைரக்டரிக்குள் எஃப்டி என்ற இடத்தின் வழியாக உள்ளே நுழையலாம். கடைசி ஆயிரம் வரியை டெயில் போட்டு வேறு டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் ரீஸ்டார்ட். டேட்டாபேஸ் இணைப்பு அறுந்துபோய், ஒவ்வொரு முறை முயலும்போதும் புரோகிராம் ஒரே பிழையைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தது அதில் தெரிந்தது. அதைப் பார்க்காமல் படுத்திருந்தால் மறுநாள் இரவும் அதே நேரத்துக்கு எழுப்பியிருப்பான்.

பதினாறு வருடமாக சர்வர் பராமரிப்பில் இருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் பார்க்கும் குறை கட்டளை தெரியாமை இல்லை. அவர்களுக்கு நிறையவே தெரிகிறது. ஆனால் தெரிந்ததெல்லாம் மாற்றும் கட்டளைகள்: ஆர்எம், அனுமதியை மாற்றும் சிஎச்மாட், புரோகிராமை நிறுத்தும் கில், ரீஸ்டார்ட். பிழைச் செய்தியைத் தேடலில் போட்டால் முதலில் வருவது அவைதான். இப்போது ஏஐயிடம் கேட்டாலும் பெரும்பாலும் அவைதான் வருகின்றன. பார்க்கும் கட்டளைகளை யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் சொல்லித் தருவதுமில்லை.

நானே ஒன்றும் யோக்கியம் இல்லை. எங்கள் தொழிலில் கட்டளையைப் போனில் சொல்லி எதிர்முனையில் இருப்பவரை அடிக்கச் சொல்வது சகஜம். பத்து வருடத்துக்கு முன்பு பேருந்தில் போய்க்கொண்டே, ஒரு பழைய வெப்சைட்டின் டைரக்டரியைக் காலி செய்யச் சொன்னேன். "ஆர்எம் ஸ்பேஸ் மைனஸ் ஆர்எஃப் ஸ்பேஸ்..." என்று தொடங்கி, டைரக்டரியின் முழுப் பாதையையும் சொல்லி, "ஸ்லாஷ் ஸ்டார்" என்று முடித்தேன். பேருந்து இரைச்சலில் எங்கே மூச்சு வாங்கினேனோ தெரியாது, ஸ்லாஷுக்கும் ஸ்டாருக்கும் நடுவில் அந்தப் பையன் ஒரு ஸ்பேஸ் போட்டுவிட்டான்.

அந்த ஒரு ஸ்பேஸால் கட்டளை இரண்டாகப் பிரிந்துவிட்டது. பழைய டைரக்டரியை அழி, கூடவே நீ இப்போது நிற்கும் இடத்தில் இருக்கும் எல்லாவற்றையும் அழி. அவன் நின்றது ஓடிக்கொண்டிருந்த வேறொரு வாடிக்கையாளரின் சைட்டுக்குள். ஸ்டார் என்றால் 'இங்கே இருக்கும் எல்லாம்'. அதைப் பிரித்துக் கோப்புப் பெயர்களாக மாற்றுவது, நாம் அடிப்பதை வாங்கிக் கட்டளைகளுக்கு அனுப்பும் ஷெல்லின் வேலை. ஆர்எம் கைக்குப் பட்டியல் போய்ச் சேரும்போது அங்கே ஸ்டார் ஒன்று இருந்ததே அதற்குத் தெரியாது. புள்ளியில் தொடங்கும் பெயர்களை ஸ்டார் தொடாது என்பதால், புரோகிராமின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட் டைரக்டரி பிழைத்தது, புரோகிராம் முழுவதையும் அதிலிருந்து ஐந்து நிமிடத்தில் மீட்டோம். வாடிக்கையாளர் ஏற்றியிருந்த படங்கள் கிட்டில் இல்லை. முந்தின இரவு பேக்கப்பில் இருந்தவை வந்தன. அன்று பகலில் ஏற்றியவை போனது போனதுதான். அவரிடம் போய் நான்தான் நின்றேன். பையனைத் திட்டவில்லை, சொன்னது நான்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். அழிக்க வேண்டிய பாதையை முதலில், பட்டியல் மட்டும் காட்டும் எல்எஸ் போட்டுப் பார்ப்பேன். என்ன அழியப்போகிறதோ அது அப்படியே திரையில் வரும். சரியாக இருந்தால் மேல் அம்பை அழுத்தி அதே வரியைத் திரும்பக் கொண்டுவந்து, முன்னால் இருக்கும் எல்எஸ்ஸை மட்டும் ஆர்எம் ஆக்குவேன். பாதையை இரண்டாம் முறை தட்டச்சு செய்யவே மாட்டேன்.

இந்தக் கட்டளைகள் ஏன் ஒரு வார்த்தை கேட்காமல் வேலையை முடித்துவிடுகின்றன என்று பிள்ளைகள் கேட்பார்கள். லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி கையில் பிறந்தபோது அவர்கள் பெரும்பாலும் கட்டளை அடித்தது டெலிடைப் இயந்திரத்தில்தான். மாடல் 33 என்ற அந்த இயந்திரம் நொடிக்கு பத்து எழுத்துதான் காகிதத்தில் அடிக்கும். காப்பி என்று முழுதாக அடிப்பதைவிட சிபி என்று அடித்தால் விரலும் பிழைக்கும், நேரமும் மிஞ்சும். "வெற்றிகரமாக முடிந்தது" என்று ஒவ்வொரு முறையும் காகிதத்தில் அடித்துக்கொண்டிருந்தால் யார் காத்திருப்பது? பேசாமல் இருந்தால் முடிந்தது என்று பொருள். அந்தக் கஞ்சத்தனம்தான் 1991-ல் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் வரைக்கும் வழிவழியாக வந்திருக்கிறது. நொடிக்கு பத்து எழுத்தின் வேகத்தில் ஒரு தவறு செய்ய நேரம் பிடிக்கும். இப்போது பிடிப்பதில்லை.

எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைப் போலவே எந்த சர்வரில் நிற்கிறோம் என்பதும் முக்கியம். இதற்கு நான் வகுப்பில் சொல்வது, புரோகிராம் எழுதுபவர்கள் தங்கள் கோடை வைத்துக்கொள்ளும் இணையதளமான கிட்லேப்பின் கதை. 2017 ஜனவரி 31 அன்று அவர்களுடைய பொறியாளர் ஒருவர், இரண்டாம்நிலை டேட்டாபேஸ் சர்வரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு முதன்மை சர்வரின் டேட்டா டைரக்டரியை அழித்தார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. தினசரி பேக்கப் எடுக்கும் கருவியோ, டேட்டாபேஸின் பதிப்பும் தன் பதிப்பும் பொருந்தாததால் வெகுநாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நகல், காப்பாற்றியது. இவ்வளவையும் அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த நேர்மை. எங்கள் அலுவலகத்தில் அதைப் படித்த மறுநாளே, கட்டளை அடிக்கும் வரியின் தொடக்கத்தில் வரும் ப்ராம்ப்ட் நிஜ சர்வர்களில் சிவப்பு, சோதனை சர்வர்களில் பச்சை என்று மாற்றினோம். பேஷ் ஷெல்லின் பிஎஸ் ஒன் என்ற மாறியில் ஒரு வரி, அவ்வளவுதான். அலுவலகத்துக்கு அது ஒரு பைசா செலவில்லாத காப்பீடு.

அடுத்தது 777. இதைப் பற்றிப் பேசாமல் என்னால் எந்தக் கூட்டத்தையும் முடிக்க முடிவதில்லை. படம் ஏற்ற முடியவில்லை, அனுமதி மறுக்கப்பட்டது என்று பிழை வரும். தேடினால் "சிஎச்மாட் 777 போடு, சரியாகும்" என்று பதில் வரும். சரியாகவும் ஆகும்! வீட்டுச் சாவி தொலைந்தால் கதவைக் கழற்றி வைத்துவிட்டால் உள்ளே போகலாம்தான். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டி, உரிமையாளருக்கும் குழுவுக்கும் ஊருக்கும் சேர்த்துக் கொடுப்பதுதான் 777. இதையே உள்ளே இருப்பதற்கெல்லாம் சேர்த்துப் பொருந்தும் மைனஸ் கேபிடல் ஆரோடும், நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவோடும், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ரூட் டைரக்டரியிலிருந்தே அடித்த ஒருவரின் சர்வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்திருக்கிறேன். சூடோ கட்டளை வேலை செய்வதே அதன்மேல் இருக்கும் செட்யுஐடி என்ற தனிக் குறியால்தான், 777 அந்தக் குறியைத் துடைத்துவிடும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சோ ஊரே படிக்கக்கூடிய ரகசியச் சாவியை ஏற்காது. ஆக உள்ளே இருப்பவர் வெளியே வந்துவிட்டால் திரும்பப் போக வழியில்லை. கடைசியில் பேக்கப்பிலிருந்து புது சர்வர் கட்டினோம்.

இத்தனைக்கும் தொடக்கப் பிரச்சினை என்ன? வெப் சர்வர் ஒரு பயனராக ஓடுகிறது, படங்கள் போகும் டைரக்டரி ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்குச் சொந்தமாக இருக்கிறது. பிஎஸ் போட்டு யாராக ஓடுகிறது என்று பார்த்து, நேம்ஐ மைனஸ் எல் போட்டிருந்தால் பாதையில் இருக்கும் ஒவ்வொரு படியும் யாருக்குச் சொந்தம், எங்கே கதவு மூடியிருக்கிறது என்று வரிசையாகக் காட்டியிருக்கும். உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் ஒரு வரி, கதை முடிந்திருக்கும். நேம்ஐ என்றொரு கட்டளை இருப்பதே பத்து வருட அனுபவம் உள்ளவர்களில் பலருக்கும் தெரிவதில்லை.

பார்ப்பதிலும் ஒரு பாடம் உண்டு, கண்ணில் பட்டதற்கெல்லாம் பதறக் கூடாது. ரேம் கணக்கைக் காட்டும் ஃப்ரீ கட்டளை போட்டு, ஃப்ரீ என்ற நிரலில் சின்ன எண் தெரிந்ததும் "ரேம் தீர்ந்துபோச்சு" என்று சர்வரையே ரீபூட் செய்தவர்கள் இருக்கிறார்கள். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் வீணாக விடாது, டிஸ்கிலிருந்து படித்ததை அதில் வைத்துக்கொள்ளும், கேட்டால் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது அவைலபிள் என்ற நிரலை. சர்வரில் எவ்வளவு வேலை வரிசையில் நிற்கிறது என்று காட்டும் லோடு ஆவரேஜும் அப்படித்தான், எட்டு என்று வந்தால் அதிகமா குறைவா என்பது என்ப்ராக் என்று கேட்டால் வரும் சிபியு எண்ணிக்கையைப் பொறுத்தது.

எங்கே பழகுவது என்று கேட்பவர்களுக்கு: வேலை செய்யும் சர்வரில் மட்டும் வேண்டாம். அரசு கொடுத்த பழைய மடிக்கணினி வீட்டில் தூசி படிந்து கிடந்தால் அதில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனைப் போடுங்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததுதான், அதில் கற்றது இதிலும் செல்லும். அதுவும் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற செயலி. போனுக்குள் ஓடுவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான். ரூட் அனுமதி இராது, ஆனால் எல்எஸ், கிரெப், ஃபைண்ட், டியு, மேன் எல்லாம் பழகலாம். தொடங்குகிறவர்களுக்கு ரூட் இல்லாமல் இருப்பதே நல்லது என்பேன். முதல் ஒரு மாதம் எதையும் மாற்றாமல் பார்த்துக்கொண்டே இருங்கள். சலிக்கும். பரவாயில்லை.

அந்த நள்ளிரவுத் தம்பி இப்போதும் எங்களோடுதான் இருக்கிறான். போன மாதம் ஒரு சிறு பதிப்பகத்தின் சர்வரில் தமிழில் பெயர் வைத்த கோப்பு ஒன்று ஏறவில்லை. பெயர் மிக நீளம் என்றது பிழை. அவர்கள் விண்டோஸ் கணினியில் அதே பெயரோடு நன்றாகவே இருந்தது. லினக்ஸில் எல்லை 255 என்று எனக்குத் தெரியும், கண்ணால் எண்ணினால் அறுபத்துச் சொச்சம் எழுத்துதான். ஏற்றும் புரோகிராமில்தான் கோளாறு என்று முடிவுகட்டி அதை எழுதியவருக்குக் கடிதமே தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

அவன் அந்தப் பெயரை எடுத்து, எண்ணிச் சொல்லும் டபிள்யூசி கட்டளைக்குள் விட்டான். குறிகளை எண்ண மைனஸ் எம் போட்டால் 104. பைட்டுகளை எண்ண மைனஸ் சி போட்டால் 288. "அக்கா, 255-ங்கிறது எழுத்து இல்ல, பைட். தமிழ்ல ஒவ்வொரு குறியும் மூணு பைட் எடுக்குது. 'கொ'ன்னா நம்ம கண்ணுக்கு ஒரு எழுத்து, கம்ப்யூட்டருக்கு ரெண்டு குறி, ஆறு பைட்டு. விண்டோஸ் வேற மாதிரி எண்ணுது, அதான் அங்க தெரியல."

பாதி எழுதிய கடிதத்தை அழித்தேன். பதிப்பகத்துக்கு அவனையே போன் பண்ணச் சொன்னேன்.