பி.காம் முடித்தவர்களுக்கு: அப்ரண்டிஸ் வேறு, ஆர்டிகிள்ஷிப் வேறு

போன மாதம் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு குன்னூரில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். "பையன் எட்டு மாசமா ஆடிட்டிங் அப்ரண்டிஸா இருக்கான் சார். சர்டிபிகேட் எப்போ வரும்?" என்று கேட்டார். பையன் எட்டு மாதமும் கணக்கு எழுதியது உண்மைதான். ஆனால் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை, எங்கேயும் பதிவும் இல்லை. சட்டப்படி பார்த்தால் அது பயிற்சிக் கணக்கிலேயே வராது.

நீலகிரியில் இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். யார் கணக்கு பழகினாலும் அப்ரண்டிஸ் என்று சொல்லிவிடுகிறோம். அரசுத் திட்டத்தில் பதிந்து பழகுவதுதான் அப்ரண்டிஸ்; சி.ஏ ஆவதற்காக ஒரு சி.ஏ.விடம் பழகுவது ஆர்டிகிள்ஷிப்.

முதலில் அரசுத் திட்டம். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் வருகிற தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் இது, சுருக்கமாக நாட்ஸ். பட்டதாரிகளில் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு மட்டும் என்று பல ஆண்டுகளாக இருந்ததை 2014 திருத்தம்தான் பி.காம், பி.ஏ பட்டதாரிகளுக்கும் திறந்துவிட்டது. தென் மாநிலங்களுக்கு இதை நடத்துவது சென்னை தரமணியில் உள்ள பயிற்சி வாரியம். பதிவு, ஒப்பந்தம் எல்லாம் நாட்ஸ் இணையதளத்தில்தான். பயிற்சி பொதுவாக ஒரு வருடம். பட்டம் வாங்கி ஐந்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை பார்த்த அனுபவம் இருந்தால் சேர முடியாது.

உதவித்தொகை, 2019 விதிகளின்படி, பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய். இதில் பாதியை, அதாவது 4,500 ரூபாயை, மத்திய அரசு பயிற்சியாளரின் வங்கிக் கணக்கில் நேரடியாகப் போடுகிறது. மீதி நிறுவனத்தின் பொறுப்பு. 9,000 என்பது குறைந்தபட்சம்தான். 2024இல் கனரா வங்கி பட்டதாரி அப்ரண்டிஸ்களுக்கு 15,000 அறிவித்தது. அதிலும் அரசின் பங்கு அதே 4,500. இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் 2025 மே மாதம் பரிந்துரைத்திருக்கிறது. அதனால் கையெழுத்துப் போடுகிற அன்று நடப்புத் தொகை எவ்வளவு என்று தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை. 4 முதல் 29 பேர் இருக்கும் இடங்களுக்கு அது விருப்பம். நம் ஊருக்கு இந்த இரண்டாவது விதிதான் முக்கியம் என்பேன். இங்கே ஆடிட்டர் ஆபீஸ் என்றால் ஐந்தாறு பேர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், அவ்வளவுதான். அவர்களும் எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நீங்களே போய்ச் சொல்லிக் கேட்டாலும் தப்பில்லை. தேயிலைத் தொழிற்சாலைகளின் கணக்குப் பிரிவிலும் கேட்டுப் பாருங்கள்.

அப்படி ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தால் முதல் மூன்று மாதம் பசுந்தேயிலைச் சீட்டுகளோடுதான் போகும். விவசாயி கொள்முதல் மையத்தில் இலையைப் போட்டதும் ஒரு எடைச் சீட்டு தருவார்கள். மழைக்காலத்தில் இலை சொட்டச் சொட்ட வரும், தண்ணீருக்கு என்று கொஞ்சம் கழிப்பார்கள். அந்தக் கழிவு சீட்டிலும் இருக்கிறதா, லெட்ஜரிலும் அதே அளவா, மாதக் கடைசியில் பணம் போடும் பட்டியலிலும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாக டிக் போட வேண்டும். ஒரு நாள் மொத்தத்தில் 18 கிலோ உதைக்கும். பழைய கணக்கர் எட்டிப் பார்த்து, "ஒன்பதால வகுபடுதே, நம்பர் இடம் மாறியிருக்கும், தேடு" என்பார். தேடினால் 146 கிலோ 164 ஆகியிருக்கும். டாலி மாதிரி கணக்கு மென்பொருள் இதைச் சொல்லித் தராது. ஏலத்துக்குப் போன மூட்டை எத்தனை, குடோனில் மிச்சம் எத்தனை என்று மார்ச் 31 அன்று தூசியில் நின்று எண்ணுவதும் பயிற்சிதான்.

ஒரு வருடம் முடிந்ததும் வாரியம் தேர்ச்சிச் சான்றிதழ் தரும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அதைப் பணி அனுபவமாகப் பதியலாம். ஆனால் அதே இடத்தில் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. அப்ரண்டிஸ் என்பவர் சட்டப்படி தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர், அதனால் பி.எஃப், ஈ.எஸ்.ஐ எதிர்பார்க்க வேண்டாம். பயிற்சியின்போது அடிபட்டால் மட்டும் இழப்பீடு உண்டு.

அப்புறம் ஆர்டிகிள்ஷிப். இது அரசுத் திட்டம் இல்லை; சி.ஏ, அதாவது பட்டயக் கணக்காளர், ஆவதற்கான படிக்கட்டு. பட்டயக் கணக்காளர் கழகத்தின் விதிகள்தான் இதற்குப் பொருந்தும். சி.ஏ இன்டர்மீடியட் தேர்வில் இரண்டு குரூப்பும் பாஸ் பண்ணிய பிறகு, தொழில் நடத்தும் ஒரு சி.ஏ.விடம் இரண்டு வருடம் பழக வேண்டும். 2023 ஜூலைக்கு முன்னால் மூன்று வருடமாக இருந்தது. பி.காமில் 55 சதவீதம் இருந்தால் சி.ஏ.வின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமலே இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம்.

இதில் நம் மலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஸ்டைபண்ட். அது ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது. நான்கு லட்சத்துக்குக் குறைவான ஊர் என்றால் குறைந்தபட்சம் முதல் வருடம் மாதம் 2,000, இரண்டாம் வருடம் 3,000. ஊட்டி, குன்னூர் இரண்டும் இந்தப் பட்டியலில்தான். கோயம்புத்தூரில் 3,000, 4,000. அந்த ஆயிரம் ரூபாய்க்காக மலை இறங்குவது வீண். ரூம் வாடகைக்கே பத்தாது. பெரிய கம்பெனி தணிக்கை பழக வேண்டும் என்றால் இறங்கலாம், அது வேறு கணக்கு.

நாட்ஸில் செய்த வருடம் ஆர்டிகிள்ஷிப்பில் கழியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளவும் முடியாது.

இன்னும் கல்லூரியில் இருப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. படிப்போடு சேர்ந்த அப்ரண்டிஸ் பட்டத்துக்கு பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி 2025இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று வருடப் பட்டத்தில் ஒன்று முதல் மூன்று செமஸ்டர் வரை நிறுவனத்தில் பயிற்சி, அதற்குப் பட்டப்படிப்பில் கிரெடிட் புள்ளிகள் உண்டு. உங்கள் கல்லூரி இதை எடுத்து நடத்தினால்தான் கிடைக்கும். அட்மிஷன் நேரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

சரி, அந்தக் கோத்தகிரிப் பையனுக்கு வருவோம். எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, ஒரு வருடம் நிரம்பவில்லை. அதனால் இன்னும் தகுதி இருக்கிறது. அன்றே உட்கார்ந்து தளத்தில் பதிவு போட்டோம். பட்டச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக் எல்லாம் சரியாக இருந்தன. வங்கிக் கணக்கோடுதான் ஆதார் இணையவில்லை. அரசு போடுகிற 4,500 வந்து சேர அது வேண்டும். அப்பாவும் மகனும் மத்தியானமே பேங்க்குக்குக் கிளம்பினார்கள்.