292: ஒரு கேள்விப் பெட்டிக்குள் இருக்கும் கணக்கு

குலசேகரத்தில் மாமா ரப்பர் ஷீட் எடுக்கும் கடை வைத்திருக்கிறார். ஷீட்டும், மரத்தில் உறைந்து ஒட்டிய ஒட்டுப்பாலும் எடை போட்டதும் கணக்கு கம்ப்யூட்டரில் ஏறும். அதற்கு விபிஸ்கிரிப்ட் மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தது நான்தான். ராத்திரி ‘நாள் முடிப்பு’ ஐகானைத் திறந்தால், “கணக்கை அழிக்கட்டுமா?” என்று ஒரு பெட்டி எழும்பிவரும்.

ஒருநாள் மத்தியானமே கணக்கு மொத்தமும் போய்விட்டது. அவசரத்தில் மவுஸ் பக்கத்திலிருந்த ‘நாள் முடிப்பு’ ஐகானில் பட்டிருக்கிறது. “நான் ஒண்ணும் செய்யல்ல மக்ளே, எப்பவும்போல எண்டர்தான் தட்டுனேன்” என்றார் மாமா. அவர் சொன்னது சரி. தப்பு என் பெட்டியில்.

இந்தப் பெட்டியை வரவழைக்கும் கட்டளைக்கு மூன்று விஷயம் கொடுக்கிறோம்: கேள்வி, ஒரு எண், தலைப்பு. நடுவில் உள்ள எண்தான் சூட்சுமம். எந்தப் பொத்தான்கள் என்பதற்கு ஓர் எண்: ஓகே மட்டும் என்றால் 0, யெஸ்–நோ என்றால் 4. படத்துக்கு ஓர் எண்: சிவப்புப் பெருக்கல் குறி 16, கேள்விக்குறி 32, மஞ்சள் எச்சரிக்கை 48. எண்டர் தட்டினால் எந்தப் பொத்தானுக்குப் போகவேண்டும் என்பதற்கு இன்னொன்று: முதலாவதுக்கு 0, இரண்டாவதுக்கு 256. எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுக்க வேண்டும். நான் கொடுத்தது 36, அதாவது 4+32. மூன்றாவதைச் சேர்க்கவே இல்லை. அதனால் எண்டர் நேராக யெஸ்ஸுக்குப் போனது. 256 சேர்த்து 292 என்று எழுதியிருந்தால் நோவில் நின்றிருக்கும்.

கூட்டிய எண்ணை விண்டோஸ் எப்படிப் பிரிக்கிறது? நாம் ஒன்று, பத்து, நூறு என்று இடமதிப்பு பார்ப்பதுபோல, அது 1, 16, 256 என்று பார்க்கிறது. 292 என்பது ஒரு 256, இரண்டு 16, நான்கு 1. ஒன்றின் இடத்தில் மற்றது ஏறவே முடியாது.

பெட்டி திறந்திருக்கும்வரை ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே நிற்கும். பதிலும் எண்ணாகத்தான் வரும்: யெஸ் 6, நோ 7. இங்கே ஒரு எச்சரிக்கை. “7 இல்லையென்றால் அழி” என்று எழுதாதீர்கள். “6 என்றால் மட்டும் அழி” என்று எழுதுங்கள். பாப்-அப் என்று இன்னொரு வகைப் பெட்டி உண்டு. குறித்த விநாடிக்குள் யாரும் எதையும் அமுக்காவிட்டால் அது தானே மூடிக்கொண்டு -1 என்று சொல்லும். அதுவும் 7 இல்லைதானே!

தமிழில் கேள்வி கேட்க ஃபைலை யுடிஎஃப்-16 வடிவத்தில் சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து கோணலாகும். பொத்தானில் இருக்கும் சொல்லை மட்டும் மாற்ற முடியாது. அது விண்டோஸின் மொழி.

2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் விபிஸ்கிரிப்டைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. அதனால் மாமாவின் கணக்கை இப்போது பவர்ஷெல் என்ற இன்னொரு விண்டோஸ் மொழியில் திரும்ப எழுதுகிறேன். அங்கும் யெஸ் 6, நோ 7, இரண்டாவது பொத்தானுக்கு 256. எந்த மொழியில் கேட்டாலும் பெட்டியை வரைவது விண்டோஸ்தான்.